கோயில் எல்லைக்குள் ஒரு ஜோடி பூட்ஸ்

மகள் பிறந்த மறுநாள் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "கிரகணத்தன்னைக்கு என்னத்த நறுக்குனே?" என்பதுதான். பிள்ளை பால் குடிக்கிறதா, நீ சாப்பிட்டாயா என்பதெல்லாம் பிறகு. பார்க்க வந்த என் மாமனார் வழிச் சொந்தக்காரப் பெண்களில் ஒருத்தி, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, வலது காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அன்னைக்கு யார் நாக்கையாச்சும் நறுக்கியிருக்கணும், விட்டுப்போச்சு" என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இப்படிப் பேசுகிற மருமகள் எங்கள் வகையறாவில் அதுவரை இல்லையாம். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, கீழே இறங்கி இருந்தது. குதிகால் மேலே ஏறிக்கொண்டதால் உள்ளங்கால் இடது காலைப் பார்த்தது. அருப்புக்கோட்டையில் பார்த்த டாக்டர், "வளைபாதம். குறைன்னு நெனைக்காதீங்க, சரிபண்ணிரலாம். ஆனா இப்பவே ஆரம்பிக்கணும்" என்று சொல்லி மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஏன் வருகிறது என்று கேட்டேன். முழுசாக யாருக்கும் தெரியாது, அம்மா செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் கடை பந்தல்குடியில் மெயின் ரோட்டுமேல் இருக்கிறது. எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. அதை நடத்துகிறவருக்கும் இதே கால்தான், பிறந்ததிலிருந்து. அவர் காலத்தில் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. பாதத்தின் புறப்பகுதியை ஊன்றி நடந்து நடந்து அங்கே தடித்த தோல் காய்த்துப் போயிருக்கும். லாரிக்காரர்களுக்கு இரண்டு கையிலும் கிளாஸ்களைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பார், ஒரு சொட்டு சிந்தாது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும். எனக்குத் தெரியாது, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. காலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்த அன்று, அந்தக் கடையைப் பார்த்தபடி ஒன்றை முடிவு செய்தேன். என் மகளை இந்த ஊர் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

வாராவாரம் மதுரைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா பிள்ளையின் பாதத்தைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துவார். இழுப்பதில்லை, முறுக்குவதில்லை. பச்சைப் பிள்ளைக்கு அந்த இடத்தில் எலும்பு முக்கால்வாசி குருத்தாகத்தான் இருக்கும், சொன்னபடி கேட்கும் என்பார். நகர்ந்த மட்டும் போதும் என்று விரல் நுனியிலிருந்து தொடை வரை மாவுக்கட்டுப் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் கட்டை நனைத்துப் பிரித்து, இன்னும் கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் கட்டு. பிள்ளை பாலைக் குடித்துக்கொண்டே கட்டுப் போட்டுக்கொள்ளும். அழுததெல்லாம் என் வீட்டுக்காரர்தான், அதுவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பஸ்ஸில் உச்சுக்கொட்டாத ஆள் கிடையாது. "கால் ஒடஞ்சிருச்சா? பச்ச மண்ண எங்க போட்டீக?" என்பார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர். "எதுக்கு மூடணும்? களவாண்டுட்டா வாறோம்?" என்றேன். துண்டைச் சுருட்டி என் இடுப்புக்குப் பின்னால் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். பிரசவித்த உடம்புக்கு அது வசதியாக இருந்தது.

சில வாரங்களில் பாதம் நேரானது. குதிகால் மட்டும் இறங்கவில்லை. அங்கே பின்னால் இருக்கும் தசைநாணை, மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறிவிட்டார்கள். அது நீண்டு தானாகக் கூடிக்கொள்ளுமாம். அதற்கு மேல் கடைசி மாவுக்கட்டு. அதையும் பிரித்த பிறகு கையில் கொடுத்ததுதான் பூட்ஸ். விரல் தெரிகிற மாதிரித் தோலில் தைத்த இரண்டு குட்டி பூட்ஸ்கள், இரண்டையும் இணைக்கிற ஒரு கம்பி. மாட்டினால் இரண்டு பாதமும் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். முதல் மூன்று மாதம், குளிப்பாட்ட நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கழற்றலாம். மற்ற நேரமெல்லாம் காலிலேயே இருக்க வேண்டும். அப்புறம் நாலு வயதுவரை தூங்கும்போது மட்டும். "காலு நேராயிருச்சுன்னு நம்பிடாதீங்க. அதுக்குப் பழைய எடத்துக்குப் போற புத்தி இருந்துக்கிட்டே இருக்கும். இந்தக் கம்பிதான் போக விடாது" என்றார் டாக்டரம்மா.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இனிமேல்தான் என் மாமனார் வருகிறார்.

எங்களுக்குத் தானியக் கொள்முதல் கடை. கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி. வெள்ளாமை வீட்டுக்கு வந்துவிட்டால் கடைக்குள் இடம் போதாமல் வீட்டு முன்னறையிலும் மூட்டை ஏறும். தானியம் கிடக்கிற இடத்தில் செருப்புக்கால் படக் கூடாது. மூட்டை தூக்குகிறவர்களும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். ஒருதடவை சரக்கைச் சோதிக்க வந்த ஓர் அதிகாரியையே ஷூவைக் கழற்ற வைத்தவர் என் மாமனார். அந்த ஆளின் சாக்ஸில் ஓட்டை இருந்தது. அதை அவர் இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வார். இந்த விஷயத்தில் அவருக்குப் பெரியவர் சின்னவர் கிடையாது.

நெஞ்சுவலி வந்ததிலிருந்து மாமா மதியத்துக்கு மேல் கடைக்கு வருவதில்லை. அந்த நேரம் நான் கடையில் உட்காருவேன், பேத்தி அவரிடம் இருப்பாள். அவள் என்றால் அவருக்கு உயிர். ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். வாசலில் மாமாவின் செருப்பு இருந்தது. அதன் பக்கத்திலேயே, அதே வரிசையில், விரல்பக்கம் தெருவைப் பார்க்க, என் மகளின் பூட்ஸ் கம்பியோடு இருந்தது. உள்ளே அவள் மூட்டைக்குப் பக்கத்தில் வெறுங்காலை உதைத்துச் சிரித்துக்கொண்டு கிடந்தாள்.

"மாமா, யாரு கழட்டுனது?"

"நாந்தேன். செருப்ப மாட்டிக்கிட்டே வீட்டுக்குள்ள கெடக்குது புள்ள. மகாலச்சுமி இருக்குற எடம் தாயி. நீ வாரதுக்குள்ள மாட்டி விட்டுருவேன்ல."

"தெனமுமா?"

"தெனமுந்தேன்."

ஒளித்து வைத்திருந்தால்கூடச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். அந்த மனுசன் பேத்தியின் செருப்பைத் தன் செருப்புக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள்.

மதுரையில் டாக்டரம்மா குதிகாலை அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை. பாதமும் உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தது. வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இது செருப்பு இல்லம்மா, கட்டு. மாவுக்கட்டப் போட்டிருந்தா வாசல்ல கழட்டி வச்சிருப்பாங்களா? வீட்ல போய் இதையே கேளுங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து மாவுக்கட்டு, அதன்பின் பூட்ஸுக்கும் மூன்று மாதக் கணக்கு முதலிலிருந்து. இந்தமுறை பிள்ளை கொஞ்சம் வளர்ந்துவிட்டாள். கட்டுப் போடும்போது கத்தினாள், எட்டி உதைத்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். ஆத்திரத்தில் அழுதேன் என்பதுதான் சரி.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மாமா நிதானமாகப் பதில் சொன்னார். "தோல்ல செஞ்சிருக்கு. வார் இருக்கு. அடி இருக்கு. செருப்பு இல்லாம அது என்னவாம்?"

அன்றோடு பிள்ளையை அவரிடம் விடுவதை நிறுத்தினேன். புது பூட்ஸ் வந்ததும் அவளைக் கடைக்கே தூக்கிப் போனேன். அங்கும் செருப்பு ஆகாதே. உத்திரத்தில் சேலையில் தொட்டில் கட்டி, அதில் போட்டேன். பூட்ஸ் தரையில் படவில்லை, ஆகவே மகாலட்சுமிக்கு ஆட்சேபணை இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தொட்டிலுக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சரக்கு போட வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

அதற்குள் மாசி வந்துவிட்டது. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போகாத குடும்பம் எங்கள் பக்கம் கிடையாது. எங்கே பிழைக்கப் போன பங்காளியும் அன்றைக்கு வந்துவிடுவான். எங்கள் சாமி திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கோபுரமோ மதிலோ கிடையாது. சுண்ணாம்பு அடித்த கற்களைச் சுற்றி நட்டிருப்பார்கள், அதுதான் எல்லை. கல்லுக்கு உள்ளே செருப்பு போகக் கூடாது. ராத்திரி எல்லாரும் உள்ளே மணலில் படுப்பார்கள். காலையில் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, பிள்ளைகளுக்கு மொட்டையும் காதுகுத்தும். அந்த வருடம் என் மகளுக்கும் மொட்டை. தாய்மாமன் மடி, என் தம்பி. மில்லில் லீவு சொல்லிவிட்டுப் புது வேட்டியோடு வந்திருந்தான்.

நான் யோசிக்காமல் போகவில்லை. ராத்திரி வீட்டிலேயே தங்கிக்கொண்டு, காலையில் வண்டியில் பிள்ளையோடு போய், கல்லுக்கு வெளியே உட்கார்ந்தேன். குளிப்பாட்டும் ஒரு மணி நேரத்தை அன்றைக்கு மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். எங்கள் முறை வந்ததும் கழற்றி, உள்ளே தூக்கிப் போய், மொட்டை, காதுகுத்து, விபூதி, வெளியே. ஒரு மணி நேரம் தாராளம். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றார்.

"அடுத்து ஒங்க வீடுதேன், புள்ளையத் தூக்கிட்டு வாங்க" என்று குரல் வந்தது. பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். தம்பி மடியில் பிள்ளையை வைத்ததும் பங்காளிகள் இரண்டு பேருக்குள் சண்டை. மாலையை முதலில் யாருக்குப் போட வேண்டும் என்று. "ஏலே, மூத்த வகையறா நாங்கடா." "ஏலே, மூத்தது நீன்னா கோயிலுக்கு மணல் அடிச்சது யாருடா?" பூசாரி கையில் மாலையை வைத்துக்கொண்டு நின்றார். சமாதானம் ஆகாமல் சாமி காரியம் ஒன்றும் நடக்காது. மொட்டையடிக்க வந்தவர் கத்தியை மடித்து வைத்துவிட்டார். காது குத்த வந்த ஆசாரி வெற்றிலை போட ஆரம்பித்தார். நான் செல்போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி நேரம் முடிந்தது. சண்டை முடியவில்லை. வெளியே போனால் எங்கள் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நான் பையைத் திறந்து பூட்ஸை எடுத்தேன். எல்லைக்குள்ளேயே, பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில், மணலில் உட்கார்ந்து பிள்ளைக்கு மாட்டினேன்.

அதுவரை ஒன்று சேராத பங்காளிகள் அந்த நிமிடம் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

"அடிப்பாவி, சாமி முன்னாடி செருப்பா?"

"இது செருப்பு இல்ல. கட்டு. கை ஒடஞ்சவன் கட்டோட வந்தா வெரட்டுவீகளா?"

"பொட்டப்புள்ள, நாளைக்கு எவன் கட்டுவான்னு பயந்துக்கிட்டு சாமி குத்தத்தத் தேடுறா பாரு."

"எவனும் கட்ட வேணாம். அவ நடக்கணும். அம்புட்டுத்தேன்."

யாரோ பூட்ஸைப் பிடுங்கக் கையை நீட்டினார்கள். யார் என்று பார்க்கவில்லை, தட்டிவிட்டேன். மாமாவைப் பார்த்தேன். பொங்கல் பானைப் பக்கம் நின்றிருந்தார். தலையைக் குனிந்தார். அந்தக் குனிந்த தலைதான் என்னை எழுப்பியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூட்ஸோடு கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்தேன். ஓரமாகப் போகவில்லை. எல்லைக்கு வெளியே, ஊர்ச்செருப்பு முழுவதும் குவிந்து கிடந்த இடத்தில் போய் நின்றேன். தப்பு செய்தோம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. சாமி என்றால் அதற்கு ஒரு பிள்ளையின் கால் புரியாதா என்ன?

என் தம்பி பின்னாலேயே வந்தான். சுற்றிப் பார்த்தான். உட்கார இடமில்லை. செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, புது வேட்டியோடு அந்தப் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "குடுக்கா புள்ளைய. தாய்மாமன் மடி இங்க இருக்கு. குத்துறவுக இங்க வரட்டும்" என்றான். வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத ஆள். அன்றைக்கும் பேசவில்லை. தண்ணீரை வைத்துவிட்டு, மொட்டையடிக்கிறவரையும் ஆசாரியையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கம்பி மாமன் மடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, என் மகளுக்கு மொட்டை விழுந்தது, காதும் குத்தியாயிற்று. அழுகையை அடக்க ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து அவளுக்கு ஆட்டிக் காட்டினேன். வாயில் வைக்கப் பார்த்தாள்.

மாமா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பேத்தியைப் பார்த்துச் சொல்வார். "ஆத்தா, ஒங்கம்மாட்ட சொல்லு, மல்லி லோடு வந்திருச்சுன்னு." பேச்சே வராத பிள்ளை அவரைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரிக்கும். நானும் அவளிடமே, "தாத்தாட்ட சொல்லு, பாத்தாச்சுன்னு" என்பேன். வியாபாரம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. ராத்திரி நான் பூட்ஸ் மாட்டும்போது மட்டும், சாப்பிட்ட கை காய அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

அடுத்த மாசிக்கு மகள் நடந்தாள். பாதம் முழுவதும் தரையில் பதிய, வெறுங்காலோடு, எல்லைக்கல்லைத் தாண்டி அவளே உள்ளே போனாள். எந்தக் கால் என்று கேட்டார்கள், குனிந்து பார்த்தார்கள், தெரியவில்லை. அதற்குள் கதையும் மாறிவிட்டது. "சாமி கண்ணத் தொறந்துட்டாரு. வெள்ளியில ஒரு காலு வாங்கி உண்டியல்ல போட்ரு" என்றார்கள், போன வருடம் சாமி குத்தம் பேசிய அதே ஆட்கள். வாராவாரம் மதுரைக்குப் பஸ் ஏறிய நான் எங்கே போனேன்? கட்டைவிரலை ஊன்றிப் பிடித்த டாக்டரம்மா எங்கே போனார்? "சாமிக்கு வேற வேல இருந்துச்சு, நாங்கதேன் பாத்துக்கிட்டோம்" என்றேன்.

சாயங்காலம் மணலில் பாய் விரிக்க ஆரம்பித்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கு வெளியே வந்தேன். "காலுதேன் சரியாயிருச்சே, ஒரு ராத்திரி மாட்டாட்டி என்ன?" என்று பின்னால் கேட்டது. சரியாகிவிட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் கால் திரும்பிப் போகும், அதை நான் ஒருதடவை கண்ணால் பார்த்தவள். இன்னும் நாலு வயது ஆகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, தூக்கக் கலக்கத்தில் இருந்தவளைப் படுக்கவைத்தேன்.

ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா கல்லைத் தாண்டி வெளியே வந்தார். சாமிக்கு நேர் எதிரே படுக்கிற உரிமை அவருக்கு. யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. என் சாக்குக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து, என் கையிலிருந்த பூட்ஸை வாங்கினார். வலது காலை எடுத்துக் குதிகாலை உள்ளே அழுத்தி வாரை இழுத்தார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேத்தியைப் பார்த்துச் சொன்னார். "ஒங்கம்மாட்ட சொல்லு, திரும்பிக் கெடந்த காலைத்தேன் மொதல்ல மாட்டணும்னு எனக்குத் தெரியும்னு."

அவர் படுத்த பிறகு, வாரை ஒருதடவை இழுத்துப் பார்த்தேன். குதிகாலை மேலே தூக்கப் பார்த்தேன். அசையவில்லை.